மாத்தளை மேட்டில் படியாத விலை

ஐம்பத்தைந்தோ ஐம்பத்தாறோ, வருஷம் சரியாக நினைவில்லை. கேரளம் என்று ஒரு மாநிலம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால். மழை விட்டு, சந்தைக்கு மாடு வரத்து மந்தமாக இருந்த மாதம். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்கு எதிரில் எங்கள் அத்தா, அதாவது தகப்பனார், வைத்திருந்த கயிற்றுக் கடையில் உட்கார்ந்து மூக்கணாங்கயிறும் சலங்கையும் விற்றுக்கொண்டிருந்தேன். நான் விற்றதைவிட வாயடித்ததுதான் அதிகம் என்று அத்தா சொல்லுவார். அது உண்மைதான்.

எனக்கும் என் கூட்டாளி ஒருவனுக்கும் சைக்கிள் பைத்தியம். இரண்டு பேரிடமும் சொந்த சைக்கிள் இருந்தது. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமல்ல, பெண் கொடுக்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் விசாரிப்பார்கள். சந்தை இல்லாத நாட்களில் மலம்புழைக்குப் போவோம், ஆனைமலைக்குப் போவோம், ஒருமுறை பழனிக்கே மிதித்துப் போய் அவன் சாமி கும்பிட்டான், நான் பஞ்சாமிர்தம் சாப்பிட்டேன். அவன் மாட்டுத் தரகன். என் வயதுதான். ஆனால் ஐம்பது வயதுத் தரகர்களே ஒதுங்கி வழிவிடும் அளவுக்குக் கெட்டிக்காரன். ஆளும் எனக்கு நேர் எதிர். நான் பத்து வார்த்தை பேசினால் அவன் ஒன்று பேசுவான், அதையும் யோசித்துப் பேசுவான்.

அவனுடைய அப்பாவும் அதே சந்தையில் தரகராக இருந்தவர். அவனுக்குப் பால்பல் விழாத வயதில் ஒரு நாள் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர், மலாயாவுக்குப் போய்விட்டார் என்று பேச்சு. பிறகு ஜப்பான்காரன் சண்டை வந்தது. போன ஆளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மாதான் இரண்டு எருமையை வைத்துப் பால் ஊற்றி இவனை வளர்த்தார். அந்த அம்மா நான் சொல்லும் சம்பவத்துக்கு முந்திய வருஷம் இறந்துபோனார். எடுக்கும்போது பெரியவர்களுக்குள் ஒரு தர்க்கம் வந்தது. பூவும் பொட்டுமாக அனுப்புவதா, தாலியை இறக்கிவிட்டு அனுப்புவதா? இத்தனை வருஷம் வராதவன் எங்கே இருக்கப்போகிறான் என்று முடிவு கட்டி, தாலியை இறக்கித்தான் எடுத்துப்போனார்கள். அவன் ஒரு மூலையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

சிலோன் பயணம் என் யோசனை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சி ஸ்டேஷனில் ஒரு தோட்டத்துத் துரை ரயிலிலிருந்து தன் சைக்கிளை இறக்கிக்கொண்டு போவதை ஒருமுறை பார்த்தேன். அவர்கள் நாட்டில் சைக்கிளை ரயிலில் ஏற்றி, அடுத்த தேசத்துக்கே கொண்டுபோய், ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்புவார்களாம் என்று போர்ட்டர் சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் கூட்டாளியிடம், “நாமளும் ஒரு வெளிநாட்டுக்குச் சைக்கிளை ஏத்திக்கிட்டுப் போனா என்ன?” என்று ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள் அவன், “சிலோனுக்குப் போலாம்” என்றான். யோசிக்காமல் அவன் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கிருந்த சந்தோஷத்தில் அதை நான் கவனிக்கவில்லை.

பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் அலைந்ததைச் சொன்னால் அதுவே ஒரு கதையாகிவிடும். அம்மைக் குத்தும் காலரா ஊசியும் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கை வீங்கிக் கிடந்தோம். அத்தா தலையில் அடித்துக்கொண்டார். “சைக்கிள் ஓட்டறதுக்குக் கடல் தாண்டிப் போகோணுமாடா? இந்தச் சந்தைப்பேட்டையச் சுத்தி ஓட்டுனா ஆகாதா?” என்றார். ஆனாலும் கிளம்புகிற அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், “பையன் சிலோனுக்குப் போறானுங்க” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொள்ளாச்சி வரை மிதித்துப் போய், அங்கே பார்சல் ஆபீசில் சைக்கிள்களைப் பதிந்து, கார்டு இருக்கிற பிரேக் வேனில் ஏற்றினோம். ஹேண்டிலைத் திருப்பிக் கட்டு, பெடலுக்குச் சாக்கு சுற்று, காற்றை இறக்கு என்று பார்சல் பாபு ஆயிரம் சட்டம் பேசினார். கயிற்றுக்கடைக்காரனிடம் கட்டச் சொன்னால் கேட்க வேண்டுமா? நான் கட்டிய கட்டைப் பார்த்துவிட்டு, “இதென்னய்யா சைக்கிளா, சண்டி மாடா?” என்று அவரே சிரித்துவிட்டார். திண்டுக்கல், மதுரை, மானாமதுரை என்று வண்டி நின்ற இடத்திலெல்லாம் நான் இறங்கி பிரேக் வேனுக்கு ஓடுவேன். சைக்கிளை வேறு வண்டிக்கு மாற்றினார்களா, வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்களா என்று எனக்குப் பதைப்பு. கார்டுகள் என்னைப் பார்த்தாலே கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். கூட்டாளி இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தான். சைக்கிள் பைத்தியம் பிடித்தவன் சைக்கிளை ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லையே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

தனுஷ்கோடியில் ரயிலிலிருந்து இறங்கிக் கப்பலில் ஏறினோம். சைக்கிள்களைக் கூலியாட்கள் தோளில் தூக்கி ஏற்றினார்கள். இரண்டு மணி நேரக் கடலுக்கே நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு குடலைக் கக்கினேன். தலைமன்னாரில் சுங்கக்காரர் ஒருவர், யாழ்ப்பாணத் தமிழர் என்று நினைக்கிறேன், சைக்கிள்களை ஏற இறங்கப் பார்த்தார். உல்லாசப் பயணம் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. இந்தப் பக்கம் கொண்டுவந்து விற்றுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர் போலிருக்கிறது. “கொண்டு வாற சைக்கிளைத் திரும்பக் கொண்டுபோக வேணும். விக்கக் கூடாது” என்று சொல்லி, பாஸ்போர்ட்டிலேயே ஒரு சைக்கிள் என்று எழுதி முத்திரை குத்தினார். நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம்.

அங்கிருந்து மறுபடி ரயில். அனுராதபுரத்தில் சைக்கிளை இறக்கி, காற்றடித்து, சவாரி ஆரம்பமானது. முதல் நாள் எனக்குச் சொர்க்கம்தான். ரோடு எங்கள் ஊர் ரோட்டைப் போலவா, தண்ணீர் ஊற்றினால் வழிந்தோடும். இரண்டு பக்கமும் காடு, குளம், குளத்தில் நாரை. வழியில் யானை வரும் என்று ஒரு வண்டிக்காரர் பயமுறுத்தியதில் பாதி வழி நான் மணியடித்துக்கொண்டே போனேன். தம்புள்ளைக்கு முன்னால் ஒரு மரத்தடியில், அங்கே பாண் என்று சொல்கிற ரொட்டியை வாங்கித் தின்றுகொண்டிருந்தபோதுதான் அவன் சொன்னான்.

“ராவுத்தரே, எங்கப்பன் உசுரோட இருக்கறான்.”

நான் மென்றதை விழுங்கவும் மறந்து அவனைப் பார்த்தேன். அம்மா இறந்து சில மாதம் கழித்து, சிலோனிலிருந்து திரும்பிய ஒருவர் சந்தைக்கு மாடு வாங்க வந்திருக்கிறார். இவன் தரகு பேசுவதைப் பார்த்து, உன்னை மாதிரியே பேசுகிற ஒருவர் மாத்தளைக்கு முன்னால் மேட்டில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார், வண்டிமாடும் வாங்கி விற்கிறார், உங்கள் ஊர்க்காரர்தான் என்று சொல்லி, பெயரையும் சொல்லியிருக்கிறார். மலாயாவும் இல்லை, ஜப்பான்காரனும் இல்லை. இரண்டு மணி நேரக் கப்பல் தூரத்தில், இன்னொரு குடும்பத்தோடு அவர் இத்தனை வருஷம் இருந்திருக்கிறார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். சவாரிக்கு இவனை நான் கூட்டிக்கொண்டு வந்தேன் என்று நினைத்தால், இவன் அல்லவா என்னைத் துணைக்குக் கூட்டி வந்திருக்கிறான்! “எங்கிட்டச் சொன்னா என்னடா?” என்று கத்தினேன். “உங்கிட்டச் சொன்னா சந்தை பூராத் தெரிஞ்சிருமே” என்றான்.

“போயி என்ன பண்ணப்போற?”

“ஒரே ஒரு வார்த்த சொல்லோணும். ‘உன்ர பொண்டாட்டி செத்துப்போச்சு, நீ உசுரோட இருக்கறப்பவே தாலிய எறக்கித்தான் தூக்கீட்டுப் போனோம்’னு மூஞ்சியப் பாத்துச் சொல்லோணும். சொல்லிப்போட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருவேன்.” பிறகு, “நானாச் சொல்ற வரைக்கும் நீ வாயத் தொறக்கப்படாது. சத்தியம் பண்ணு” என்றான்.

பண்ணினேன். ரொட்டித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பண்ணின சத்தியம் அது. அவ்வளவு கஷ்டமான சத்தியமாக இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

மறுநாள் ஏற்றம். மிளகுக்கொடியும் கொக்கோவுமாக இருந்த ரோட்டில் பாதி மிதித்தும் பாதி தள்ளியும் ஏறினோம். மத்தியானம் தாண்டிய நேரம், மேட்டின் உச்சியில் அந்தக் கடை. தகரக் கூரை, முன்னால் ஒரு பெஞ்சு, பக்கத்தில் இரண்டு வண்டிமாடுகள் கட்டியிருந்தன. மாடுகளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தலைக்கயிற்றை எங்கள் பக்கத்தில் கட்டுகிற மாதிரி கட்டியிருந்தது. கயிற்றுக்கடைக்காரனுக்கு அது போதும்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். நரைத்த முடி, காதில் கடுக்கன் போட்ட ஓட்டை, தோளில் சிவப்புத் துண்டு. “ஏனுங்க, இந்தியாவுல இருந்து வர்றீங்களாட்ட இருக்குது?” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் பேச்சில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. எங்கள் சந்தைக்குள் நிற்கிற மாதிரியே இருந்தது.

“ஆமாங்க” என்றான் கூட்டாளி.

“உக்காருங்க கண்ணு. வெயில்ல மேடேறி வந்திருக்கறீங்க. எந்தூருங்க?”

“பழனிப் பக்கமுங்க.”

நான் வாயை மூடிக்கொண்டேன். உள்ளேயிருந்து ஓர் அம்மா ஈரக்கையோடு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். “சீனி காணுமா, இன்னும் போடவா?” என்று அவனைப் பார்த்துக் கேட்டார். “போதுமுங்க” என்று அவன் மரியாதையாகத்தான் சொன்னான். அந்த அம்மாவை வெறுப்பதற்குத் தயாராக வந்தவன், வெறுக்கத் தெரியாமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் ஊரைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தார். மழை பெய்ததா, சோளம் விளைந்ததா, காங்கேயம் மாடு இப்போது என்ன விலை போகிறது? அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். சொல்ல வந்த ஒரு வார்த்தை மட்டும் வெளியே வரவில்லை. ஒவ்வொரு தடவை அவன் மூச்சை இழுக்கும்போதும் இதோ சொல்லப்போகிறான் என்று நான் டம்ளரைக் கீழே வைப்பேன். அவன் தேத்தண்ணியைக் குடிப்பான்.

டம்ளர் காலியானதும் எழுந்தான். பெரியவரும் எழுந்து வந்து அவனுடைய சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். மாட்டைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். சீட்டைத் தட்டினார், சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்தார்.

“சைக்கிளு நல்லாருக்குதுங்க. பாலெடுத்துட்டுப் போறதுக்கு எனக்கொண்ணு வேணும். குடுப்பீங்களா?”

நான் சத்தியத்தை மறந்து, சுங்கத்தில் எழுதியிருப்பதைச் சொல்ல வாயெடுத்தேன். கூட்டாளி என் கையைப் பிடித்து அமுக்கினான். “வெல படிஞ்சாக் குடுக்கலாமுங்க” என்றான்.

பெரியவர் சிரித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டுக்கொண்டார். “எங்கூருச் சந்தையில இப்புடித்தானுங்க வெல பேசுவோம். உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. பழக்கதோசம், கை தானாப் போகுது” என்றார். துண்டை எடுக்கப் போனவரின் கைக்குள், துண்டுக்கடியில், கூட்டாளி தன் கையை நுழைத்தான்.

மாட்டுச் சந்தை பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் மாட்டு விலையை வாயால் பேசுவதில்லை. சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியக்கூடாது என்று, துண்டைப் போட்டு மறைத்து, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். இத்தனை விரல் என்றால் இத்தனை, உள்ளங்கையில் சுரண்டினால் பாதி என்று கணக்கு உண்டு. சந்தைக்குச் சந்தை அது மாறும். பழனிக்காரனுக்கு வேலந்தாவளத்துச் சைகை தெரியாது. சந்தைக்கு எதிரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே தெரியாது. தரகர்கள் தங்களுக்குள் மட்டும் வைத்திருக்கிற பாஷை அது.

பெரியவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. குனிந்து துண்டைப் பார்த்தார். நிமிர்ந்து இவன் முகத்தைப் பார்த்தார். இவன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தான். துண்டு மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. சந்தையில் எவ்வளவு பெரிய ஜோடிக் காளைக்கும் இவ்வளவு நேரம் ஆகாது. மாடு ஒன்று கழுத்தை ஆட்டி மணியடித்தது, உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பெரியவர் இவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனி அழுவார்கள், கட்டிக்கொள்வார்கள், நானும் அழப்போகிறேன் என்று நின்றேன்.

கூட்டாளி கையை உருவிக்கொண்டான். “படியலீங்க” என்றான்.

பெரியவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவன் சைக்கிள் ஸ்டாண்டை எடுத்துவிட்டுக் கிளம்பினான். நான் பின்னால் போனேன். அங்கிருந்து மாத்தளை வரை இறக்கம். பெடலில் கால் வைக்க வேண்டியதில்லை, ஏறி உட்கார்ந்தால் வண்டி தானாகப் போகும். ஆனால் அவன் ஏறவில்லை. ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அதுவும் எறும்பு நகர்கிற மாதிரி நடந்தான். நான் திரும்பிப் பார்த்தேன். பெரியவர் ரோட்டின் நடுவில் வந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கை துண்டைப் பிடித்திருந்தது. கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். கூப்பிடவில்லை. இவன் திரும்புவான் என்று எதிர்பார்த்தேன். திரும்பவில்லை.

“ஏனுங்க, இவன் உங்க மகனுங்க!” என்று நான் ஒரு சத்தம் போட்டால் போதும். வாழ்நாளெல்லாம் தேவையில்லாத இடத்திலெல்லாம் பேசித் தொலைத்தவன் நான். அன்றைக்கு என்ன பிடித்ததோ, கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு நடந்தேன். வளைவு வந்தது. வளைவு தாண்டி, கடை மறைந்த பிறகுதான் அவன் சைக்கிளில் ஏறினான். ஏறியவன் பிரேக்கே பிடிக்காமல் போனான். என்னால் அவனை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

அதன் பிறகு சவாரி என்று ஒன்றுமில்லை. கண்டியில் ஏரியைப் பார்த்தோம், கோயிலைப் பார்த்தோம், என்ன பார்த்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் இரண்டு தடவை, திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். “படியாத யாவாரத்துக்குத் திரும்பிப் போறவன் தரகனா?” என்றான். என்னடா யாவாரம், அப்பன்டா அது என்று கத்தினேன். தலைமன்னாரில் அதே சுங்கக்காரர் பாஸ்போர்ட்டையும் சைக்கிளையும் ஒத்துப்பார்த்துவிட்டு, “சொன்ன மாதிரியே கொண்டுபோறீங்கள், நல்லது” என்றார். கூட்டாளி அவரைப் பார்த்த பார்வையில் அந்த மனிதர் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று திகைத்துப் போனார்.

ஊருக்கு வந்த பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அத்தாவிடம் யானைக் கதை சொன்னேன், கப்பல் கதை சொன்னேன். அவர் அதை எல்லாரிடமும் சொன்னார். விசா கெடுபிடி வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டு போனது. அவனும் திரும்ப அந்தப் பக்கம் போவதாகச் சொல்லவில்லை.

மூன்று நான்கு வருஷம் போயிருக்கும். எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்திருந்தது. ஒரு சந்தை நாள், கூட்டம் கலைந்த நேரத்தில் அவன் கடைக்கு வந்து கயிற்று மூட்டையின் மேல் உட்கார்ந்தான். மாத்தளையிலிருந்து ஆள் வந்திருப்பதாகவும், பெரியவர் இறந்துபோனதாகவும் சொன்னான். “அங்க வர்ற இந்தியாக்காரங்க எல்லாத்துகிட்டயும் கேட்டுட்டே இருப்பாராமா. வேலந்தாவளத்துச் சந்தையில சைக்கிள்ல வர்ற தரகுப் பையன் ஒருத்தன் இருக்கறானான்னு.”

அப்போதுதான் அவன், நான் கேட்காமலே, துண்டுக்கடியில் நடந்ததைச் சொன்னான்.

முதலில் பெரியவர் நியாயமான விலைதான் பிடித்தாராம். இவன் வேலந்தாவளத்துக் கணக்கில் ஒரு விரல் கூட்டிக் கேட்டதும் அவர் கை அப்படியே நின்றுவிட்டதாம். பிறகு கூட்டினாராம். இவன் வேண்டாம் என்று விரலைத் தள்ளினான். மறுபடி கூட்டினார், இவன் மறுபடி தள்ளினான். சைக்கிளின் விலை எப்போதோ தாண்டிவிட்டது. ஒரு ஜோடிக் காளையின் விலை வந்தது, அதையும் தாண்டியது. கட்டியிருந்த வண்டிமாடு, கடை, அவரிடம் இருந்த எல்லாவற்றையும் சேர்த்தாலும் வராத விலைக்குப் போய், அதற்கு மேல் பிடிக்க விரல் இல்லாமல், இவன் கை முழுவதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாராம்.

“அந்தப் பாசையில விலைய விட்டா வேற பேச வழியில்லயே, ராவுத்தரே. மன்னிச்சுக்கடான்னு சொல்றதுக்கு வெரல் ஏது? எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சதனாலதான் கைய உருவினேன். அவராக் கூப்புடட்டும்னு நெனச்சேன். வாயத் தொறந்து ஒருக்கா, டேய்னு கூப்புட்டிருந்தாப் போதும்.”

“அதுக்குத்தான் அந்த எறக்கத்துல தள்ளிக்கிட்டுப் போனியா?”

“சந்தையில அப்புடித்தானே? யாவாரம் முறிஞ்சா மாட்டப் புடிச்சிட்டு மெதுவாப் போவோம். வேணும்னு நெனைக்கறவன் பின்னால இருந்து கூப்புடுவான். விக்கோணும்னு நெனைக்கறவன் திரும்பிப் பாப்பான். மொதல்ல யாரு வாயத் தொறக்கறாங்களோ அவங்களுக்குத்தான் நட்டம். அவரும் தரகரு, நானும் தரகன். ரெண்டு பேரும் நட்டப்படத் தயாரா இல்ல.” பிறகு மூட்டையில் நீட்டிக்கொண்டிருந்த கயிற்று நுனியைத் திரித்தபடி, “அம்மா செத்ததச் சொல்லவே இல்ல பாரு. அதுக்குத்தான போனேன்?” என்றான். அவன் அழுதான். நானும் அழுதேன். வாடிக்கைக்காரர் ஒருவர் சாட்டைவார் கேட்டு வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

அவனும் இன்று இல்லை. அவன் இருந்தவரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த இறக்கம் மட்டும் என் மனதைவிட்டுப் போகவே இல்லை. மேலே ஒருவர் கூப்பிடாமல் நிற்கிறார், கீழே ஒருவன் திரும்பாமல் நடக்கிறான், நடுவில் எல்லாம் தெரிந்த நான் வாயை மூடிக்கொண்டு போகிறேன். சத்தியம் பெரிதுதான். ஆனால் அவர்கள் இரண்டு பேரையும்விடப் பெரிதா என்று இந்த வயதிலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன் என் மூத்த மகன் சொத்து விஷயமாக என்னோடு சண்டை போட்டு, இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தப்பு அவன் மேல்தான். போகட்டும், தானாக வருவான், நீங்கள் இறங்கிப் போகாதீர்கள் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நான் செருப்புகூடப் போடாமல் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. மானமில்லாத கிழவன் என்று இன்றைக்கும் எனக்குப் பேர் இருக்கிறது. இருக்கட்டும். என் மகன் திரும்பிப் பார்த்தான். அன்றைக்கு நான் போட்ட அந்தச் சத்தத்தை மாத்தளை மேட்டில் போட்டிருக்க வேண்டும் என்ற வருத்தம்தான் எனக்கு இன்னும் தீரவில்லை.